கை இரும்பாகுமா? அடி வாங்கிப் பழகுற உடம்பைப் பத்தி கொஞ்சம் பேசலாம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அக்கா வாட்ஸ்அப்புல ஒரு போட்டோ அனுப்பியிருந்தா. அவ பையனோட வலது கை. 11 வயசு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் புறங்கையோட சேருற இடம், அதாவது நாம நக்கிள்னு சொல்ற இடம், சிவந்து வீங்கி தோல் உரிஞ்சிருந்தது. கீழ ஒரு மெசேஜ்: "மாஸ்டர் சிமென்ட் தரையில தினமும் நக்கிள் புஷ்-அப் எடுக்கச் சொல்லியிருக்காராம். அப்பதான் கை இரும்பாகுமாம். நீயும் கராத்தே பண்ணவன்தானே, சொல்லுடா, இது சரியா?"

நான் உடனே பதில் போடலை. ரெண்டு நாள் ஆச்சு. காரணம், என் வலது கையில முஷ்டி மடக்கினா மூணு நக்கிள்தான் தெரியும். சுண்டு விரலோடது தெரியாது, உள்ள இறங்கிடுச்சு. அந்தக் கதையைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அக்கா கேட்ட கேள்வியை ஒழுங்கா எடுத்துக்குவோம். அடிச்சு அடிச்சு உடம்பை உறுதியாக்க முடியுமா? முடியும்னா எதை? எதை முடியாது?

ஒகினாவாவில என்ன செஞ்சாங்க

கராத்தே பிறந்த இடம் ஒகினாவா தீவு. அங்க இந்தப் பயிற்சிக்கு ஒரு பழைய கருவி இருக்கு. பேரு மக்கிவாரா. ஒரு மரப் பலகையைத் தரையில ஆழமா நட்டு, தலைப்பகுதியில வைக்கோல் கயிறைச் சுத்தியிருப்பாங்க. அதைத்தான் குத்துவாங்க. படத்தைப் பார்த்தா "ஓ, கட்டையைக் குத்திக் கையைக் கல்லாக்கறாங்க"ன்னுதான் தோணும். ஆனா அந்தப் பலகையைப் பக்கவாட்டுல பாருங்க. அடியில தடியா இருக்கும், மேல போகப் போக மெலிஞ்சிருக்கும். குத்தினா பின்னாடி வளையும், விட்டா திரும்பி வரும். வளையணும்னே அப்படிச் சீவியிருக்காங்க. வளையாத ஒண்ணைக் குத்தணும்னா அந்தத் தீவுல கல்லுக்கும் சுவருக்கும் என்ன பஞ்சம்? அவ்வளவு மெனக்கெட்டுப் பலகையைச் சீவியிருக்கவே வேண்டாம்.

இதோஸு அங்கோ அப்படின்னு ஒரு ஆசான். 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஒகினாவா பள்ளிக்கூடங்களுக்குள்ள கராத்தேயைக் கொண்டுபோனவர். 1908-இல அவர் கராத்தே பத்தி ஒரு கடிதம் எழுதினார், பத்து குறிப்புகளோட. அதுல மக்கிவாராவை நூறு, இருநூறு தடவை குத்தச் சொல்றார். நம்ம ஆளுங்க அந்த எண்ணை மட்டும் பிடிச்சுக்குவாங்க. அதே குறிப்புல அவர் இன்னும் சில விஷயம் சொல்றார்: தோளை இறக்கு, நெஞ்சை விரி, பாதத்தால தரையைப் பிடி, பலத்தை அடிவயித்துல நிறுத்து. தோலைப் பத்தியோ எலும்பைப் பத்தியோ அங்க பேச்சே இல்லை, எல்லாம் நிக்கிற விதத்தைப் பத்தித்தான். மணிக்கட்டு ஒரு இழை கோணினாலும் மக்கிவாரா உடனே கைக்குச் சொல்லிடும். அந்தத் தகவலுக்காகத்தான் நூறு தடவை.

நேரடியா அடி வாங்கிப் பழகுற பள்ளியும் உண்டு. உயேச்சி கான்புன்னு ஒருத்தர், 1897-இல ஒகினாவாவுல இருந்து சீனாவின் ஃபூஜோ நகரத்துக்குப் போய்க் கத்துக்கிட்டு, 1910-இல திரும்பினார். அவர் வழியில வந்த உயேச்சி-ரியூவுல ரெண்டு பேர் எதிர் எதிரா நின்னு முன்கையோட முன்கையை மோதுவாங்க. தடவி, அடிச்சு, மாத்தி மாத்தி. கோத்தே கிதாயேன்னு பேர். சான்ச்சின்னு ஒரு பயிற்சியில மாணவன் மூச்சைக் கட்டி நிப்பான், ஆசிரியர் தோள்லயும் தொடையிலயும் தட்டிப் பார்ப்பார். ஆள் எவ்வளவு தாங்குறானோ அதுக்கு ஏத்த மாதிரி எதிர்ல இருக்கறவர் பலத்தைக் கூட்டுவார், குறைப்பார். சிமென்ட் தரை உங்களுக்காக எதையும் குறைக்காது.

எலும்புக்குள்ள நடக்கறது

எலும்பு சுமைக்கு ஏத்த மாதிரி மாறும்ங்கறது உண்மை. 1892-இலயே ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் இதைப் புத்தகமாவே எழுதிட்டார். இதுக்கு எனக்குப் பிடிச்ச ஆதாரம் டென்னிஸ் ஆடறவங்க. 1977-இல வெளிவந்த ஒரு ஆய்வுல தொழில்முறை வீரர்களோட ரெண்டு கையையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டாங்க. ராக்கெட் பிடிக்கிற கையில மேற்கை எலும்போட வெளிச்சுவர், ஆண்களுக்கு மத்த கையைவிட சுமார் 35 சதவீதம் தடிமன். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே மரபணு. வித்தியாசம் சுமை மட்டும்தான். அதுவும் சின்ன வயசுல இருந்து வருஷக்கணக்கா ஏறின சுமை.

எப்படி மாறுது? "எலும்புல சின்னச் சின்ன விரிசல் விழும், அது ஆறும்போது கெட்டியாகும்"னு ஜிம்முல சொல்லுவாங்க. பாதி உண்மை. விரிசல் விழறது உண்டு, உடம்பு அதைச் சரி பண்றதும் உண்டு. ஆனா எலும்பு தடிக்க விரிசல் விழணும்னு அவசியமே இல்லை. எலும்புக்குள்ள ஆஸ்டியோசைட்னு செல்கள் இருக்கு. எலும்பு லேசா வளைஞ்சாலே உள்ள இருக்கற திரவம் நகரும், அதை இந்தச் செல்கள் உணரும், "இங்க வேலை இருக்கு"ன்னு ஆள் அனுப்பும்.

இந்த வேலை நடக்கற வரிசைதான் முக்கியம். பழுது பார்க்க முதல்ல வர்றது இடிக்கிற கூட்டம், ஆஸ்டியோகிளாஸ்ட். பழைய எலும்பை அரிச்சு எடுக்க ரெண்டு, மூணு வாரம். அதுக்கப்புறம்தான் கட்டுற கூட்டம், ஆஸ்டியோபிளாஸ்ட். அதுக்கு மூணு, நாலு மாசம். வீட்டுல பழைய சுவரை இடிச்சுட்டுப் புதுசு கட்டுற மாதிரி. இடிச்சதுக்கும் கட்டுனதுக்கும் நடுவுல வீடு முன்னைவிட பலவீனமா இருக்கும். நாம அப்பப் போய் அந்தச் சுவர்லயே சாய்ஞ்சா?

ராணுவத்துக்கு இது நல்லாத் தெரியும். 1855-இலயே ஒரு பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட நடைக்கு அப்புறம் சிப்பாய்களோட பாதம் வீங்கி வலிக்கிறதைப் பத்தி எழுதினார். பின்னாடி எக்ஸ்ரே வந்தப்பதான் அது எலும்பு முறிவுன்னு தெரிஞ்சுது. இன்னைக்கும் புதுசாச் சேர்ற வீரர்களுக்கு இந்த மாதிரி முறிவு முதல் சில வாரங்கள்லதான் அதிகம் வருது.

இன்னொரு விஷயம், எண்ணிக்கை. 1997-இல ஜப்பான்ல எலிகளைக் குதிக்க வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. ஒரு கூட்டம் நாளைக்கு 5 தடவை, இன்னொரு கூட்டம் 100 தடவை, நடுவுல வேற வேற எண்ணிக்கை. 5 தடவை குதிச்ச எலிகளுக்கே எலும்பு பலமாச்சு. 100 தடவை குதிச்சதுக்கு 20 மடங்கு பலம் வந்துடலை. சில வருஷம் கழிச்சு வந்த வேற எலி ஆய்வுகள்ல, ஒரே மூச்சுல 360 தடவை சுமை கொடுத்ததைவிட, இடைவெளி விட்டு 90 தடவையா நாலு பாகமாப் பிரிச்சுக் கொடுத்தப்ப எலும்பு அதிகமா வளர்ந்துச்சு. சில தட்டுக்கு அப்புறம் அந்தச் செல்கள் காது கேக்காத மாதிரி ஆயிடும். கொஞ்ச நேரம் விட்டாத்தான் மறுபடி கேக்கும். எங்க துறையில இதை ரேட் லிமிட்னு சொல்லுவோம். அதுக்கு மேல அனுப்புற ரிக்வெஸ்ட் எல்லாம் வீண்.

வலி முந்திக்கும்

இப்பதான் விஷயத்தோட நடுப்பகுதிக்கு வர்றோம். உடம்பு அடிக்குப் பழகும்போது மாறுறது எலும்பு மட்டும் இல்லை. தோல் தடிக்கும். தசை சரியான நேரத்துல இறுகக் கத்துக்கும். இதெல்லாத்தையும்விட வேகமா, வலி குறையும். நரம்பு "செத்துப்போறது"ன்னு சொல்லுவாங்க, அப்படி இல்லை. திரும்பத் திரும்ப வர்ற அதே சேதியை மூளை பெரிசா எடுத்துக்கறதை விட்டுடுது.

சில வாரத்துலயே வலி குறைஞ்சிடும். அதே சமயத்துல எலும்பு எங்க இருக்கும்? இடிக்கிற கட்டத்துல. அதாவது வலி ரொம்பக் குறைஞ்சு, நமக்குத் தைரியம் ரொம்பக் கூடி, எலும்பு முன்னைவிட பலவீனமா இருக்கிற ஒரு இடைவெளி. அந்த இடைவெளியிலதான் எல்லாரும் "ஆஹா, கை இரும்பாயிடுச்சு"ன்னு அடியைக் கூட்டுவாங்க. சர்வர் சூடாகுதுன்னு அலர்ட் வருது, நாம அலர்ட்டை மியூட் பண்ணிட்டு சர்வரைச் சரி பண்ணிட்டதா நினைக்கிறோம். அதே கதைதான்.

வாழை மரம்

அடுத்து தாய்லாந்து. முவே தாய் வீரர்கள் வாழை மரத்தை உதைச்சுச் சாய்க்கிற வீடியோவை நீங்க பார்த்திருப்பீங்க. வெளிநாட்டுக்காரன் "மரத்தையே உதைக்கறான்!"னு வாயைப் பிளப்பான். நம்ம வீட்டுப் பின்னாடி வாழை வெச்சவங்களுக்குத் தெரியும், அது மரமே இல்லை. இலை மடல் ஒண்ணு மேல ஒண்ணு சுத்தி நிக்கிற தண்டு, பெரும்பாலும் தண்ணி. குலை வெட்டினப்புறம் அரிவாளால ரெண்டு போடு போட்டா விழுந்துடும். அப்ப அந்த உதை பொய்யா? இல்லை. வாழைத்தண்டு அழுந்திக் கொடுக்கும், அடியை வாங்கிக்கும். ஒகினாவாவுல பலகை வளையற மாதிரி. இன்னைக்கு அங்க ஜிம்முல கனமான பையை உதைக்கறாங்க, அதுவும் அழுந்திக் கொடுக்கற பொருள்தான். ரெண்டு ஊர்லயும் அனுபவப்பட்டவங்க தேர்ந்தெடுத்தது அடியைத் திருப்பி அடிக்காத பொருளை. பாட்டிலைக் காலில உருட்டறது, கட்டையால தட்டறது எல்லாம் வீடியோவுக்கு நல்லா இருக்கும். அதுல கிடைக்கிறது பெரும்பாலும் வலி மரத்துப்போறது மட்டும்தான்.

சரி, வருஷக்கணக்கா முறையாப் பழகினா உடையவே உடையாதா? 2013 டிசம்பர் 28, யூஎஃப்சி 168. ஆண்டர்சன் சில்வா, அந்தக் காலத்தோட மிகப்பெரிய சண்டைக்காரர்கள்ல ஒருத்தர். அவர் விட்ட உதையை கிறிஸ் வைட்மன் முழங்காலைத் தூக்கித் தடுத்தார். சில்வாவோட இடது கால், முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் உடைஞ்சு காலைச் சுத்தி மடிஞ்சுது. 2021 ஏப்ரல்ல அதே வைட்மன் ஒரு உதை விட்டார், எதிராளி தடுத்தார், இவரோட வலது கால் அதே மாதிரி உடைஞ்சுது. ரெண்டு பேரும் காலத்தையெல்லாம் உதைச்சே கழிச்சவங்க. பயிற்சி எலும்போட எல்லையைத் தள்ளி வைக்கும். எல்லையே இல்லாம ஆக்காது.

அந்த எல்லையே இல்லைன்னு நம்பினவங்களும் உண்டு. 1900-இல சீனாவில பாக்ஸர் கிளர்ச்சி. பயிற்சியும் சடங்கும் செஞ்சா துப்பாக்கிக் குண்டு உடம்புல ஏறாதுன்னு நம்பி, விவசாய இளைஞர்கள் துப்பாக்கிக்கு நேரா ஓடினாங்க. அவங்களோட கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனா குண்டு உடம்புல ஏறுச்சு.

பழகவே பழகாத இடங்கள்

முதல்ல மூளை. அது தண்ணிக்குள்ள மிதக்கிற மெத்துன்னு ஒரு பொருள். தலையில விழற அடிக்கு அது பழகாது, சேர்த்துத்தான் வைக்கும். 1928-இலயே மார்ட்லண்ட்னு ஒரு அமெரிக்க மருத்துவர், குத்துச்சண்டை வீரர்களுக்கு வர்ற மூளைப் பாதிப்பைப் பத்தி எழுதிட்டார். கழுத்துத் தசையைப் பலப்படுத்தலாம், அதோட சரி. "தலையில அடி வாங்கிப் பழகு"ன்னு எந்த மாஸ்டர் சொன்னாலும் பையைத் தூக்கிட்டு வெளிய வந்துடுங்க.

அடுத்து வயிறு. வயித்துத் தசை தாங்கும், ஆனா இறுக்கினாத்தான் தாங்கும். மாய வித்தைக்காரர் ஹூடினியை 1926 அக்டோபர்ல, மான்ட்ரியல்ல, சோபாவில சாய்ஞ்சிருந்தப்ப ஒரு மாணவர் வயித்துல குத்தினார். அவர் தயாராவே இல்லை. ஒன்பது நாள்ல, குடல்வால் வெடிச்சு ஏற்பட்ட தொற்றுல இறந்துட்டார். அந்தக் குத்துதான் காரணமா, ஏற்கெனவே குடல்வால் கெட்டிருந்ததான்னு மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கறாங்க. எப்படி இருந்தாலும் உள்ள இருக்கற உறுப்புக்கு வெளித் தசைதான் கவசம். சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் தனியாப் பயிற்சி கிடையாது.

அப்புறம் மூட்டு. மூட்டுக்குள்ள இருக்கற குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, தேஞ்சா சரியாத் திரும்பி வளராது.

தசையிலயும் ஒரு ஆபத்து இருக்கு. ஆழமா ரத்தம் கட்டின இடத்துல மறுபடி மறுபடி அடிச்சாலோ, அழுத்தித் தேய்ச்சாலோ, சில சமயம் தசைக்குள்ளயே எலும்பு மாதிரி ஒரு கட்டி உருவாகும். அதைக் கையில தடவிப் பார்த்து "கெட்டியாயிடுச்சு"ன்னு சந்தோஷப்பட்டவங்க இருக்காங்க.

கடைசியா, குழந்தைங்க. வளர்ற வயசுல எலும்போட நுனிக்குப் பக்கத்துல ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கும். எலும்பு நீளமாகறது அதனாலதான். முழு எலும்பைவிட அது மென்மையானது. பெண்களுக்குப் பெரும்பாலும் 14, 15 வயசுவாக்குல, பசங்களுக்கு இன்னும் ஓரிரு வருஷம் கழிச்சுத்தான் மூடும். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுற சிறுவர்களுக்கு, மணிக்கட்டுல தொடர்ந்து உடம்பு எடை விழறதால அந்தத் தட்டு பாதிக்கப்படறது மருத்துவத்துல நல்லாவே தெரிஞ்ச விஷயம். சிமென்ட் தரையில, முஷ்டி மேல, மொத்த உடம்பையும் தாங்கற 11 வயசுப் பையனுக்கும் அதே மணிக்கட்டுதான்.

அப்ப என்னதான் செய்யறது

வளர்ந்தவங்க பழகணும்னா பழகலாம். அழுந்திக் கொடுக்கற பொருள்ல ஆரம்பிங்க. குறைஞ்ச எண்ணிக்கை, வாரத்துல ரெண்டு மூணு நாள். முதல் மூணு, நாலு மாசத்துக்கு வலி குறைஞ்சதுங்கற காரணத்துக்காக மட்டும் பலத்தைக் கூட்டாதீங்க. பரவலா வலிச்சா பரவாயில்லை. ஒரே புள்ளியில விரல் வெச்சா சுருக்குன்னு வலிச்சாலோ, ராத்திரி வலிச்சாலோ நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. பொண்ணுங்களோ பசங்களோ, வளர்ச்சி முடியாதவங்களுக்கு இது வேண்டாம். அவங்க மணிக்கட்டு நேரா நிக்கக் கத்துக்கட்டும், அது போதும்.

இப்ப என் கதை. இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல் சுவர்ல பழைய நியூஸ்பேப்பரை மடிச்சு ஒட்டி, தினமும் ராத்திரி குத்துவேன். யாரும் சொல்லித் தரலை, நானே ஆரம்பிச்சேன். அஞ்சாவது வாரம் வலியே இல்லை. பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு வெறும் சுவரைக் குத்தினேன், ரூம்ல ரெண்டு பேர் பார்த்துட்டு இருந்தாங்க வேற. மணிக்கட்டு கோணுச்சு, அடி மொத்தமும் சுண்டு விரல் பக்கம் விழுந்துச்சு. உடைஞ்சது அப்பத் தெரியலை. அடுத்த நாள் லேப்ல கீபோர்டுல கை வெச்சப்பதான் தெரிஞ்சுது. நாலு வாரம் கட்டு. எலும்பு கொஞ்சம் இறங்கியே சேர்ந்துடுச்சு. எனக்கு அடிபட்டது வலி தெரிஞ்ச நாட்கள்ல இல்லை, வலி நின்னுபோன வாரத்துல.

இதையெல்லாம் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன். அவ, "எங்கிட்ட கிரிக்கெட் பால் பட்டுச்சுன்னு சொன்னியேடா"ன்னா. ஆமா, அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நானும் அவகூட கிளாஸுக்குப் போனேன். மாஸ்டர் சண்டைக்கு வரலை. "எங்க மாஸ்டர் எங்களை இப்படித்தான் பழக்கினாரு சார்"னு சொல்லிட்டு, தன்னோட கையைக் காட்டினார். நக்கிள் ரெண்டும் காய்ச்சுக் கறுத்திருந்தது. "காலையில எழுந்ததும் விரலை மடக்க முடியுமா மாஸ்டர்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. "வெந்நீர்ல வெச்சா மடங்கும்"னார்.

மருமகனுக்கு இப்ப மேட் மேல, உள்ளங்கையை ஊன்றி புஷ்-அப். மத்த பசங்க இன்னும் சிமென்ட்லதான் எடுக்கறாங்க. அவங்க அப்பா அம்மா யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, ஒரு தடவை பையனோட கையை வாங்கிப் பாருங்க.